தூரம் வேறு, அளவு வேறு

செமிலிங்கில் வீடு பார்க்கும் பெற்றோருக்கு எழக்கூடிய கேள்வி இது: பக்கத்தில் உயர் அழுத்த மின்கம்பி போகிறதே, பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் வருமா?

1979-இல் அமெரிக்காவின் டென்வரில் வெர்த்தைமர், லீப்பர் இருவரும் இந்த ஐயத்தைக் கிளப்பினர். வீட்டுக்கு வெளியே செல்லும் கம்பிகளின் வகையும் தூரமுமே அவர்களின் அளவுகோல். 2008-இல் வெளியான கிள்ளான் பள்ளத்தாக்கு ஆய்வும் 200 மீட்டர் தூரத்தைக் கணக்கில் எடுத்து, தொடர்பு தெரிவதாகச் சொன்னது.

ஆனால், காந்தப்புலம் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்து நேரத்துக்கு நேரம் மாறும்; சுவரும் அதைத் தடுக்காது. எனவே, பிள்ளை தூங்கும் அறையில் ஒரு நாள் முழுதும் கருவி வைத்து அளப்பதே நம்பகமானது.

2000-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, சராசரி 0.4 மைக்ரோதெஸ்லாவைத் தாண்டிய வீடுகளில் இந்நோய் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. அத்தகைய வீடுகளில் இருந்த பிள்ளைகள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. காந்தப்புலமே காரணம் என்பது இன்றும் நிரூபணமாகவில்லை.

ஆகவே, நோய் கண்ட பிள்ளையின் பெற்றோரே, "இந்த வீட்டுக்கு வந்ததால்தான்" என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். விடாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே கன்றிய தோல் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.