ஊர்ப் பெயரில் ஒரு நோய்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அபூர்வமான தோல் நோய்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேசச் சொன்னார்கள். பட்டியல் போட்டுச் சொன்னால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும், நீங்களும் என்னை மன்னிக்க மாட்டீர்கள். அதனால் பெரும்பாலும் ஒரே ஒரு நோயைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது நம்ம ஊர் நோய். பெயரே அப்படித்தான்: மதுரா ஃபுட், அதாவது மதுரைக் கால். 1996-ல் தேனி தனி மாவட்டமாகும் வரை தேவாரம் மதுரை மாவட்டத்தில்தானே இருந்தது! அந்தப் பெயரில் நமக்கும் பங்கு உண்டு.

1842-ல் மதுரை மருந்தகத்தில் இருந்த கில் என்ற வெள்ளைக்கார டாக்டர் இந்த நோயைப் பற்றி எழுதினார். 1846-ல் அதே மருந்தகத்தின் கோல்புரூக் 'மதுரா ஃபுட்' என்று எழுத, அந்தப் பெயரே நிலைத்தது. 1860-ல் பம்பாயில் ஹென்றி வான்டைக் கார்ட்டர், இதற்குக் காரணம் ஒரு பூஞ்சை என்று சொல்லி 'மைசெட்டோமா' என்று பெயர் வைத்தார். யார் இந்தக் கார்ட்டர் தெரியுமா? மருத்துவ மாணவர்கள் கட்டிக்கொண்டு அழுகிற கிரேஸ் அனாடமி புத்தகத்துக்கு 1858-ல் படம் வரைந்து கொடுத்தவர். கண்ணால் பார்த்ததை அப்படியே வரையத் தெரிந்தவருக்கு இதுவும் கண்ணில் பட்டிருக்கிறது. எனக்குப் படவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மருத்துவப் படிப்பு முடித்த புதிதில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒரு பெரியவர் வந்தார். மானாவாரி விவசாயி, செருப்புப் போட்டு அறியாத கால். வலது பாதம் வீங்கி, கறையான் புற்று மாதிரி மேடு மேடாக இருந்தது. மூன்று நான்கு இடத்தில் துளை, அதிலிருந்து சீழ்.

"எத்தனை நாளாச்சுங்கய்யா?"

"அது இருக்கும் தம்பி, மூணு வருசம். கருவேல முள்ளு ஏறுச்சு. எடுத்துப் போட்டேன்."

"வலிக்கலையா?"

"வலிச்சா அன்னைக்கே வந்திருக்க மாட்டேனா?"

இந்தப் பதிலிலேயே பாதி நோய் இருக்கிறது. அது எனக்கு உறைக்கவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார்: "சீழோட கடுகு மாதிரி கறுப்பாக் கறுப்பா விழுகுது தம்பி." மண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். துடைத்தேன், மருந்து வைத்துக் கட்டினேன், துடைத்த துணியை வாளியில் போட்டேன். எலும்பில் டி.பி. இருக்கலாம் என்று சீட்டில் எழுதினேன். மாதக்கணக்கில் அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டார். எலும்பு அரித்துப்போன பிறகு வேறோர் இடத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் வாளியில் போட்டது வெறும் துணியல்ல, நோயின் விலாசம். வீக்கம், துளைகள், துளை வழியாக வரும் குருணை, இந்த மூன்றும் சேர்ந்தால் மதுரைக் கால்தான். படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். காலில் பார்த்தபோது தெரியவில்லை.

சில வருஷம் கழித்துத் தேவாரத்தில் சொந்தமாகக் கிளினிக் வைத்தேன். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிற ஓர் இளைஞன் வந்தான், முப்பது வயசு இருக்கும். சம்சாரமும் கூட வந்திருந்தது. அதே வீக்கம், அதே துளைகள், ஆனால் எலும்பு வரை போகவில்லை. இந்தத் தடவை அவசரப்படவில்லை. உப்புத் தண்ணீரில் நனைத்த சுத்தமான காஸ் துணியைத் துளைகளின் மேல் வைத்துக் கட்டி, "காலையில கட்டைப் பிரிக்காம வாப்பா" என்றேன். மறுநாள் பிரித்தால் ரவை மாதிரி வெளிறிய குருணைகள் ஒட்டியிருந்தன.

இங்கேதான் சிக்கல். இந்த நோயை உண்டாக்குகிறவை இரண்டு வகை. ஒன்று நிஜமான பூஞ்சை. இன்னொன்று பூஞ்சை மாதிரி இழையாக வளரும் பாக்டீரியா. வெளியே பார்த்தால் கால் ஒன்றுபோலவே இருக்கும், வைத்தியம் முற்றிலும் வேறு. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக்கிலேயே பெரும்பாலும் கால் தப்பிவிடும். பூஞ்சை என்றால் அந்த மருந்துகள் தண்ணீருக்குச் சமம். குருணை கறுப்பு என்றால் பூஞ்சை, சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளையோ மஞ்சளோ என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், நுண்ணோக்கியில் பார்த்தே தீரவேண்டும்.

என் கிளினிக்கில் நுண்ணோக்கி ஏது? பஸ் பிடித்து நம் கல்லூரிக்கு வந்தேன். தாவரவியல் துறையில் எனக்குப் பாடம் எடுத்த சாரிடம் குருணையைக் காட்டினேன். "ஏம்ப்பா, டாக்டருக்குப் படிச்சுட்டு எங்ககிட்ட வர்ற?" என்று சிரித்தார். கண்ணாடித் தகடில் நசுக்கி, சாயம் ஏற்றி, எண்ணெய் லென்ஸில் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இது பூஞ்சை இல்லப்பா. இழை ரொம்ப மெல்லிசு" என்றார். பூஞ்சையின் இழை 2 முதல் 5 மைக்ரான் வரை தடிமன் இருக்கும், இந்த பாக்டீரியாவின் இழை ஒரு மைக்ரானைத் தாண்டாது. பூஞ்சையை நான் புத்தகத்தில் பார்த்தவன், அவர் முப்பது வருஷம் லென்ஸில் பார்த்தவர்.

மதுரைக்கு அனுப்பி வளர்த்துப் பார்த்ததிலும் அதுவே உறுதியானது. கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் மாதக்கணக்கில் கொடுத்தோம். ஊசிக்குப் பயந்து நடுவில் ஒருமுறை நின்றுவிட்டான். சம்சாரம்தான் இழுத்துக்கொண்டு வந்தது. துளைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்றைக்கும் ஆடு மேய்க்கிறான், செருப்புப் போட்டுக்கொண்டு.

முதலில் சொன்ன பெரியவரையும் பார்த்தேன், தேவாரம் பஸ் ஸ்டாண்டில், கக்கத்தில் கட்டையோடு. அவரே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "தம்பி, அந்தக் கடுகு மாதிரி விழுந்துச்சே, அது என்னான்னு தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார். தெரிந்தது என்று சொன்னேன். உண்மையைச் சொல்லவேண்டும்: கறுப்புக் குருணை பூஞ்சை. அன்றைக்கு நான் சரியாகக் கண்டுபிடித்திருந்தாலும் மருந்திலேயே குணமாகியிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எலும்புக்குப் போகும் முன் கட்டியை மட்டும் வெட்டி எடுத்திருக்கலாம். அந்த வாய்ப்பை அவருக்கு நான் கொடுக்கவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பூஞ்சை வகைக்கு இட்ராகோனசோல் மாத்திரையை தினமும் சாப்பிடவேண்டும். வாரம் ஒருமுறை சாப்பிடுகிற ஃபோஸ்ராவுகோனசோல் என்ற மருந்தை சூடானில் சோதித்து, 2024-ல் முடிவுகள் வெளியிட்டார்கள். மதுரையின் பெயர் தாங்கிய நோய்க்கு, கார்ட்டூம் நகரில் 1991 முதல் தனி மையம் நடத்தி ஆராய்ச்சி செய்தார்கள். நாம் பெயரை மட்டும் கொடுத்தோம்! 2023-ல் ஆரம்பித்த போரில் அந்த மையமும் பாழாகிவிட்டது.

மலைக்கு ஏலக்காய் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்று. காய்ச்சல் விடாமல் அடிக்கும், மலேரியாவும் இருக்காது, டைபாய்டும் இருக்காது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்புக் கயிறு படுகிற இடம் என்று தேடினால் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அதுவும் வலிக்காது, அதனால் நோயாளி சொல்லமாட்டார். புதரில் இருக்கிற ஒருவகை உண்ணிக் குஞ்சு கடித்த தழும்பு அது, நோயின் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். இப்போது க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, மதுரைக்கு ஓடவேண்டியதில்லை.

சார் அன்று தயாரித்த கண்ணாடித் தகடு துறை அலமாரியில் இன்னும் இருப்பதாகக் காலையில் சொன்னார்கள். சாயம் வெளுத்திருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்க்கப் போகிறேன், வருகிற மாணவர்கள் கூட வாருங்கள்.