கோல் இல்லாமல் பிறந்த குழு



லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் ஓரத்தில் செயின்ட் மார்ட்டின் தேவாலயம் இருக்கிறது. 1959 நவம்பர் 13 அன்று அங்கே ஒரு சிறு தந்தி வாத்தியக் குழு தன் முதல் கச்சேரியை நடத்தியது. 'அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ்' என்று பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா அதுதான்.

அதைத் தொடங்கிய நெவில் மாரினர், லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் நடத்துநர் வைத்ததே சட்டம். தங்கள் மனப்படி வாசித்துப் பார்க்க ஆசைப்பட்ட நண்பர்கள் சிலர் 1958இல் மாரினர் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். நடத்துநரே வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள்.

கோல் பிடிக்க ஆள் இல்லாமல் எப்படி ஒன்றாகத் தொடங்குவது? முதல் வயலின்காரர் மூச்சை இழுத்து வில்லைச் சற்றே உயர்த்துவார். எடுக்கும் வேகம், கொடுக்கும் அழுத்தம் இரண்டும் அந்த அசைவுக்குள் அடங்கிவிடும். மற்றவர்கள் அதைக் கண்ணால் பிடித்துக் காதால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நடுக்குரலில் வாசிக்கும் வியோலாக்காரருக்கும் அந்த நொடியில் மெட்டு யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் தன் ஒலியை அடக்கி அவருக்கு வழிவிட முடியும். அகாடமியின் பளிங்கு போன்ற நாதம் இந்தப் பழக்கத்தில்தான் உருவானது என்பது என் உறுதியான எண்ணம். பிறகு வந்த புகழெல்லாம் அதன் விளைச்சல்.

அந்த நாதத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவை இசைத்தட்டுகள். முதல் தட்டு 1961இல் பதிவானது. 1969இல் ஆலன் லவ்டேயின் வயலினோடு பதிவான விவால்டியின் 'நான்கு பருவங்கள்' பெரும் விற்பனை கண்டது. பதிவுகளின் எண்ணிக்கை இன்று 500ஐத் தாண்டுகிறது.

பெரிய படைப்புகளை எடுத்தபோது நடத்துநர் தேவைப்பட்டார். மாரினர் அமெரிக்கா சென்று பியர் மோந்தேயிடம் அந்தக் கலையைக் கற்றார். வயலினை வைத்துவிட்டு எழுந்து நின்று நடத்தச் சொன்னவரும் மோந்தேதான். இதைக் கொள்கையை விட்டுக்கொடுத்ததாக நான் கருதவில்லை. வயலின் வாசித்தபடியே வழிநடத்தும் மரபை அயோனா பிரவுன் 1974 முதல் காப்பாற்றினார். 2011இல் பொறுப்பேற்ற ஜோஷுவா பெல்லும் அவ்வழியே வந்தவர்.

1984இல் வெளிவந்த 'அமாடியஸ்' திரைப்படத்துக்கு வாசிக்க அழைத்தபோது மாரினர் ஒரு நிபந்தனை போட்டார்: மொஸார்ட்டின் இசையில் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றக் கூடாது. இயக்குநர் மிலோஷ் ஃபோர்மன் ஒப்புக்கொண்டார். திரைப்பட உலகில் இப்படிக் கேட்டு வாங்கியது எத்தனை பெரிய காரியம்!

இனி அந்த 1969 பதிவிலிருந்து 'குளிர்கால'த்தின் இரண்டாம் பகுதியை ஒலிக்கச் செய்கிறோம். தனி வயலின் பாடும்போது மற்ற வயலின்கள் மழைத்துளிகளாகத் தந்தியை விரலால் சுண்டுவதைக் கவனித்துக் கேட்கும்படி வேண்டுகிறேன்.