தறிக்குழியில் கேட்ட ருஷ்யக் கதை



எழுபதுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஜூன் மாதம் புதுப் புத்தகம் வந்ததும் அட்டை போட நல்ல தாள் தேடுவோம். வழவழவென்று, பளிச்சென்ற வண்ணப் படங்களோடு இருக்கும் தாள் 'சோவியத் நாடு' பத்திரிகையினுடையதுதான். என் கணக்குப் புத்தகத்துக்குக் கோதுமை வயலில் நிற்கும் டிராக்டர், தமிழ்ப் புத்தகத்துக்கு விண்வெளி வீரர். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று யார் படித்தார்கள்? ஆனாலும் ருஷ்யா எங்கள் காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

அதற்குப் பின்னால் ஒரு நட்புக் கழகத்தின் கதை இருக்கிறது. 1941 ஜூனில் ஹிட்லரின் படை சோவியத் மண்ணுக்குள் புகுந்ததும், இந்தியாவில் சோவியத் நண்பர்கள் சங்கம் உருவானது. விடுதலைக்குப் பிறகு, 1952-ல், இந்திய – சோவியத் கலாசாரக் கழகம் தொடங்கியது. சுருக்கமாக 'இஸ்கஸ்'. பம்பாயில் பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஏ.வி.பாலிகா அதற்குத் தலைமை ஏற்றார். மாஸ்கோவில் நம் தூதராக இருந்த கே.பி.எஸ். மேனனும் பின்னாளில் தலைவராக இருந்தார்.

தமிழ்நாட்டுக்கு ருஷ்யா அதற்கு முன்பே பழக்கம். பெரியார் 1932-லேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1951-ல் போனார். இஸ்கஸ் வளர்ந்ததற்குக் கூட்டங்களும் மாலை மரியாதைகளும் காரணம் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ புத்தகம்தான் காரணம் என்று படுகிறது. மாஸ்கோவிலேயே தமிழ் எழுத்துக் கோத்து, கெட்டி அட்டை போட்டு அச்சடித்து, கப்பலேற்றி அனுப்பினார்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது. இட்லிக்கு வைத்த காசில் டால்ஸ்டாய் வாங்கலாம். பூ.சோமசுந்தரம், ரா.கிருஷ்ணையா, நா.தர்மராஜன் என்று மொழிபெயர்ப்பாளர்கள். 'புத்துயிர்ப்பு' நாவலைக் கிருஷ்ணையா தமிழாக்கினார் என்பது படித்த பலருக்கே தெரியாது. முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரை யார் பார்க்கிறார்கள்?

இதெல்லாம் வெறும் அன்பினால் நடந்ததா என்றால், இல்லை. அது பனிப்போர்க் காலம். அமெரிக்காவும் தன் பங்குக்கு நூலகம் திறந்து புத்தகம் கொடுத்தது. சோவியத் புத்தகங்கள் அங்கிருந்த கட்டாய உழைப்பு முகாம்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1914 முதல் சில ஆண்டுகள் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சுற்றி, 1929-ல் பேச்சுத் தமிழுக்கு ருஷ்ய மொழியில் இலக்கணம் எழுதிய அலெக்சாண்டர் மெர்வார்த், அந்த முகாம்களில் ஒன்றில்தான் 1932-ல் இறந்தார்.

அப்படியும் தமிழை விடாதவர்கள் அங்கே இருந்தார்கள். செம்யோன் ரூதின் என்பவர் லெனின்கிராடில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். தன் பெயரையே 'செம்பியன்' என்று வைத்துக்கொண்டார். அவரும் பியாத்திகோர்ஸ்கி என்பவரும் சேர்ந்து 1960-ல் தமிழ் – ருஷ்ய அகராதி கொண்டுவந்தார்கள். அலெக்சாண்டர் துபியான்ஸ்கி மாஸ்கோவில் பல்லாண்டு தமிழ் நடத்தினார். 2020-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. சோவியத் ஒன்றியம் 1991-லேயே போய்விட்டது. அந்தத் தமிழ்ப் புத்தகங்கள் வருவதும் நின்றது. ஆனாலும் பழைய நண்பர்களை மறக்காமல், 2011-ல் ஜெயகாந்தனுக்கு ருஷ்ய அரசு நட்புறவு விருது கொடுத்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். பிள்ளையார்பாளையத்தில் பக்கத்து வீட்டு மாமா கோர்வைச் சேலை நெய்பவர். கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை கொக்கி போட்டாற்போல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளக் கூடவே ஒரு ஆள் உட்கார வேண்டும். விடுமுறையில் அந்த ஆள் நான். பிள்ளைகளை அப்படி உட்காரவைத்தது நல்ல வழக்கமில்லைதான். எனக்கு மட்டும் கூலியாகக் கதை கிடைத்தது.

மாமா இரவில் படித்ததைப் பகலில் சொல்வார். பரீஸ் பொலெவோய் எழுதிய 'உண்மை மனிதனின் கதை'. போரில் விமானம் விழுந்து, நொறுங்கிய கால்களோடு பதினெட்டு நாள் பனிக்காட்டில் ஊர்ந்தே வருகிறான் விமானி. மருத்துவமனையில் இரண்டு காலையும் எடுத்துவிடுகிறார்கள். தறிக்குழிக்குள் மிதியில் மாமாவின் கால்கள் மாறி மாறி இறங்கும். அவன் கால் போன இடம் வந்தபோது அவை சற்று நின்றன. நாடாவைத் தள்ளாமல் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். "தள்ளுடா"ன்னு ஒரு அதட்டல்.

அந்த வாரமே சேலை முடிந்து அறுத்துவிட்டார்கள். பள்ளியும் திறந்துவிட்டது. அந்த விமானி திரும்பப் பறந்தானா என்று கேட்க விட்டுப்போயிற்று. இருபது வருஷம் கழித்து, சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் மாமா படித்த புத்தகத்தின் அதே அட்டை கண்ணில் பட்டது. நின்றபடியே புரட்டினேன். பறப்பதற்கு முன்னால், பொய்க்காலோடு, மருத்துவர்கள் நம்புவதற்காக அவன் நடனம் ஆடுகிறான்.