சைக்கிளில் போகட்டும் நம் பிள்ளைகள்



நம் நாட்டில் எட்டாம் வகுப்பு வரை பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு? பல கிராமத்துப் பிள்ளைகள் வெளியூர்தான் போக வேண்டும். அங்கேதான் பெண் பிள்ளையின் படிப்பு நின்றுபோகிறது. "ரோட்டில் லாரி ஓடுகிறது. நமக்கு எதற்கு வம்பு?" என்கிறோம்.

இந்தப் பயம் நியாயமானதுதான். என் மகளை அனுப்பும்போது எனக்கும் இருந்தது. ஆனால் பீகாரில் நடந்ததைக் கேளுங்கள்.

2006-ஆம் ஆண்டு அங்கே அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்ணுக்கு சைக்கிள் வாங்க 2000 ரூபாய் கொடுத்தார்கள். என்ன ஆயிற்று? உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடினார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் அதிகம் கூடினார்கள். தூரம்தான் அவர்களைத் தடுத்து வைத்திருந்தது. படிப்பில் ஆசை இல்லாமல் இல்லை.

சரி, லாரி? லாரி ஓடத்தான் செய்யும். பிள்ளைக்கு ரோட்டைப் பழக்க வேண்டியது நாம்தான்.

முதல் வாரம் கூடவே போங்கள். நடந்து போகிற பிள்ளை வலது ஓரமாக நடக்கட்டும். அப்போது எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும். சைக்கிளில் போகிற பிள்ளை இடது ஓரமாகப் போகட்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் முன்னால் ஓடி ரோட்டைக் கடக்கக் கூடாது. பஸ் போகட்டும். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கலாம்.

அப்பாவின் சைக்கிளைக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டுவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். பெரிய ரோட்டுக்கு அது ஆகாது. சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் ஊன்ற வேண்டும். பிரேக் இரண்டும் பிடிக்க வேண்டும். பின் மட்கார்டில் சிவப்பு வில்லை வேண்டும். பையைக் கைப்பிடியில் தொங்கவிடக் கூடாது. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சக்கரத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துத் தள்ளிவிடும்.

நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து, ஒருவர் பின் ஒருவராகப் போகட்டும். தனியாகப் போகிறவளைக் கேலி செய்கிறவன் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவான்.

பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை இல்லையா? கிராம சபை கூடும்போது மனு கொடுங்கள். யார் எழுதித் தருவார் என்று தேட வேண்டாம். இப்போது நமக்கே எழுதத் தெரியுமே! இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி, வீட்டில் பத்திரமாக வையுங்கள்.