லண்டன் – நியூயார்க்: போகும் நேரமும் திரும்பும் நேரமும்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே ஏறக்குறைய 5,540 கிலோமீட்டர். பூமிப் பரப்பின்மேல் அளந்த மிகக் குறுகிய வழி இது. தட்டையான வரைபடத்தில் இந்த வழி வடக்கே வளைந்து, அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் தொட்டுச் செல்வதுபோல் தெரியும். பூகோள உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்த வளைவுதான் நேர்வழி என்பது விளங்கும்.

தூரம் ஒன்றே என்றாலும் நேரம் ஒன்றல்ல. நியூயார்க் போக சுமார் 8 மணி நேரம். திரும்பிவர ஏறக்குறைய 7 மணி நேரம். பூமி சுழல்வதால் இப்படி என்று பலர் எண்ணுவதுண்டு. அது சரியல்ல, பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. உண்மைக் காரணம், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அதனால்தான் அட்லாண்டிக் பெருங்கடலின்மேல் வான்தடங்கள் காற்றின் போக்கைப் பார்த்து நாள்தோறும் புதிதாக வகுக்கப்படுகின்றன.

2020 பிப்ரவரியில், சியாரா புயலை ஒட்டி வீசிய காற்றின் உதவியால், ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்த கன்கார்டு விமானம் 1996-இல் இதே தூரத்தை 3 மணி நேரத்துக்குள் கடந்திருக்கிறது.

பயணச்சீட்டில் அச்சாகும் நேரம், வானில் பறக்கும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதல். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், இறங்கிய பின் நிறுத்துமிடம் சேர்வதும் அதில் அடக்கம்.