அகப்பக்கத்துக்கும் வாடகை உண்டு

முறுக்கும் அதிரசமும் சுட்டு, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்சிலும் உள்ள கடைகளுக்குக் கொடுக்கும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. "நமக்கும் ஓர் அகப்பக்கம் வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல எண்ணந்தான். முதலில் கணக்குப் போடுவோம்.

அகப்பக்கத்தை வடிவமைப்பது ஒருமுறைச் செலவு. அதன் முகவரியும் அது தங்கும் இடமும் வாடகை போன்றவை. ஆண்டுதோறும் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் பக்கம் நின்றுவிடும். முகவரியும் பிறர் கைக்குப் போகலாம்.

இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 480 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொட்டலத்தில் 2 வெள்ளி இலாபமென்றால் 240 பொட்டலங்கள். அதாவது மாதம் 20 பொட்டலங்கள் கூடுதலாக விற்க வேண்டும். வடிவமைப்புக் கூலி இதற்கு மேல். அவ்வளவு விற்காது என்று தோன்றினால், இப்போதைக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பதே போதும்.

வியாபாரத்தை எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தில் பதிவது எப்படியும் அவசியம். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி. கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. '.காம்.எம்ஒய்' என முடியும் முகவரி பெறவும் அந்தப் பதிவு வேண்டும்.

இன்னொன்று. முகவரியை வடிவமைப்பவர் பெயரில் பதிய விடாதீர்கள். நம் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல்லும் நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் இருக்கட்டும். இல்லையேல், அவரோடு மனத்தாங்கல் வந்தால் கடையையே இழந்தது போலாகும்.

தீபாவளி விற்பனை முடிந்ததும், புதுத்துணிக்கு முன்னே அடுத்த ஆண்டு வாடகையைத் தனியே எடுத்து வைப்போம்.