தடை ஆளை நோக்கட்டும்; மண்ணை நோக்க வேண்டாம்

(கிளிநொச்சியில் விவசாயிகளும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



பொருளாதாரத் தடை என்னும் சொற்றொடருக்கு இம்மண்ணிலே எவரும் பொருள் விளக்க வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், எரிபொருள், சீமெந்து, இரும்பு, பற்றறி, யூரியாப் பசளை என்று நீண்டதொரு பட்டியலை அரசாங்கம் வகுத்து, அவசரகால விதிகளின் பலங்கொண்டு அப்பொருள்கள் வடக்கிற்குச் செல்லவொட்டாது தடுத்தது. ஆயுதம் ஏந்தியோரைக் கருதியே அப்பட்டியல் வகுக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. அதன் சுமையைத் தாங்கியவர் யார்? பசளையின்றி வயலை விதைத்த விவசாயி தாங்கினார். ஜாம் போத்தலுக்குள் பஞ்சையிட்டுச் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி ஏற்றிய விளக்கின் ஒளியிலே படித்த மாணவன் தாங்கினான். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட குடும்பம் தாங்கியது. 2002 ஆம் ஆண்டு ஜனவரியில் அத்தடை தளர்ந்தது. 2006 ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது பழைய நிலை மீண்டும் வந்தது.

நீங்கள் நன்கறிந்த இவற்றை ஏன் மீண்டும் சொல்கிறோம்? அதே தடை இன்று உலகத்தின் வேறொரு துறையிலே, லொறிகளையும் மூடைகளையும் அல்ல, மாணவனின் கணினியில் உள்ள எழுத்தை மறிக்கின்ற தடையாக வளர்ந்திருக்கிறது. அதைப்பற்றி முதலில் பேசத் தகுதியுடையோர் தடையின் கீழ் வாழ்ந்தவர்களே என்று நாம் கருதுகிறோம்.

விவசாயப் பெருமக்களுக்காகச் சற்று விளக்குவோம். கணினி என்ன செய்யவேண்டும் என்று வரிவரியாக எழுதப்படுவது நிரல். அதனை எழுதுவோர் நிரலாளர். தாம் எழுதியதைப் பூட்டிவைக்காமல், எவரும் படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம் என்று உலகத்திற்கு விட்டுவிடும் முறைக்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர். நல்ல விதைநெல்லை ஒருவர் விளைவித்து அயலவர்க்குக் கைமாற்றிக் கொடுப்பது போன்ற வழக்கம் இது. பல நாட்டார் சேர்ந்து ஒரே நிரலை எழுதுவதற்கு ஒரு பொதுக் களஞ்சியம் வேண்டியிருக்கிறது. அத்தகைய களஞ்சியங்களுள் மிகப் பெரியது கிட்ஹப் என்பது. அமெரிக்காவிலே தோன்றிய அந்நிறுவனத்தை 2018 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் 750 கோடி டொலருக்கு வாங்கியது. உலகத்தின் நிரலாளர் கோடிக்கணக்கில் தம் உழைப்பை அங்கே வைத்திருக்கின்றனர். அப்பெருங் களஞ்சியத்தின் சாவியோ அமெரிக்கச் சட்டத்திற்கு அடங்கியது.

2019 ஆம் ஆண்டு யூலை மாதம் நடந்ததைக் கேளுங்கள். ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலிருந்த நிரலாளர் சிலர், தாம் பிறர் காணாதவாறு வைத்திருந்த தனிக் களஞ்சியங்களைத் திறக்கமுடியாமற் கண்டனர். பணஞ் செலுத்திப் பெற்ற சேவைகளும் நின்றன. பொதுவிற் திறந்து வைக்கப்பட்டவை மட்டும் அவர்களுக்குக் கிடைத்தன. சட்டம் கட்டாயப்படுத்துகிறது, ஆதலாற் செய்கிறோம் என்று நிறுவனம் விளக்கியது. அவ்விளக்கம் பொய்யன்று. அமெரிக்காவின் 1977 ஆம் ஆண்டுச் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம், வெளிநாடுகளுடனான கொடுக்கல் வாங்கல்களைத் தடைசெய்யும் பெரும் அதிகாரத்தைச் சனாதிபதிக்கு வழங்குகிறது. திறைசேரியைச் சார்ந்த வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் அதனை நடைமுறைப்படுத்துகிறது. மீறும் நிறுவனம் பெருந் தண்டத்திற்கு உள்ளாகும்.

எனினும், நாம் கேட்கும் வினா வேறு. அக்களஞ்சியங்கள் பூட்டப்பட்டோர் செய்த குற்றம் யாது? அவர்கள்மீது ஒரு குற்றச்சாட்டும் எழுதப்படவில்லை. அவர்கள் எந்த இடத்திலிருந்து இணைகின்றனர் என்பதே அளவுகோலாயிற்று. கிரிமியாவை எண்ணிப் பாருங்கள். 2014 ஆம் ஆண்டில் ரஷ்யா அந்நிலத்தைப் படைகொண்டு தன்னோடு இணைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா அப்பிரதேசம் முழுவதன்மீதும் வர்த்தகத் தடை விதித்தது. அங்கு வாழும் குடிமகன் தன் நிலத்தைப் பறித்தவனிடமும் தப்பமுடியவில்லை. பறித்தவனைத் தண்டிக்க வந்தவனிடமும் தப்பமுடியவில்லை. இரு அதிகாரங்களுக்கு நடுவே அகப்பட்டு, இரண்டினாலும் ஒறுக்கப்படும் குடிமகனை வன்னியிலே வாழ்ந்தவர்களுக்குத் தெரியாதா?

இடத்தைப் பார்த்து ஆளை அளக்கும் முறையை நாம் கொழும்பிலும் கண்டோம். 2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் திகதி, கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரைப் பஸ் வண்டிகளில் ஏற்றி, வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்து அதனைத் தடுத்தது. அன்று அம்மக்களுக்காக மனுவை ஏற்க ஒரு நீதிமன்றமாவது இருந்தது. தெஹ்ரான் நகரத்து மாணவனுக்கு எந்த நீதிமன்றம் இருக்கிறது? அவன் தடை விதித்த நாட்டின் குடிமகனும் அல்லன்; அந்நாட்டிற் கால்வைக்க அவனுக்கு அனுமதி கிடைப்பதும் அரிது. மறுதரப்பையும் கேட்டபின்பே தீர்ப்பளிக்க வேண்டும் என்னும் இயற்கை நீதியின் முதல் விதி அவன் வாசலுக்கு வருவதேயில்லை.

ஈரானுக்கு ஒருவாறு விடிவு பிறந்தது. ஏறத்தாழ இரண்டாண்டு காலம் கிட்ஹப் நிறுவனம் திறைசேரியோடு வாதாடி, 2021 ஆம் ஆண்டு ஜனவரியில் ஈரானிய நிரலாளர்க்குச் சேவையை மீண்டும் வழங்க அனுமதிப்பத்திரம் பெற்றதாக அறிவித்தது. அந்நிறுவனத்தைப் பாராட்டுகிறோம். ஆயினும் வாதாடியது பெரிய நிறுவனமேயன்றிப் பாதிக்கப்பட்டவனல்லன். சிரியாமீதான அமெரிக்கத் தடைத்திட்டம் 2025 ஆம் ஆண்டு யூன் 30 ஆம் திகதிச் சனாதிபதி கட்டளையொன்றினால் முடிவுக்கு வந்தது. ஒரு கையொப்பத்தினாற் பூட்டு விழுகிறது. இன்னொரு கையொப்பத்தினாற் பூட்டுத் திறக்கிறது. இடையிலே கழிந்த ஆண்டுகளைத் திருப்பிக் கொடுப்பார் எவருமில்லை.

சட்டத்துறை நண்பர்கள் கேட்கலாம்: நிரலும் ஒருவகைப் பேச்சன்றோ? பேச்சைத் தடுக்கலாமா? கேள்வி நியாயமானதே. மூல நிரல் பேச்சுரிமையின் பாதுகாப்பைப் பெறும் என்று யுங்கர் வழக்கிலே அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 2000 ஆம் ஆண்டிற் கூறியது. நூல், பத்திரிகை போன்ற தகவற் பொருள்களைத் தடைக்குப் புறம்பாக்கும் திருத்தம் 1988 ஆம் ஆண்டிலேயே அந்நாட்டிற் செய்யப்பட்டது. ஆனால், எழுதப்பட்ட நிரல் ஒன்று. அதனை வைத்துக் காத்துக்கொடுக்கும் சேவை மற்றொன்று. முன்னதற்குக் கிடைக்கும் பாதுகாப்புப் பின்னதற்குக் கிடைப்பதில்லை.

சேவை என்னும் சொல் எத்துணை தூரம் நீளக்கூடும் என்பதற்குத் தமிழரோடு தொடர்புடைய வழக்கே சான்று. 1997 ஆம் ஆண்டில் விடுதலைப் புலிகள் இயக்கத்தை அமெரிக்கா பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. பிணக்குகளைச் சமாதான வழியிலே தீர்க்கச் சர்வதேசச் சட்டத்தைப் பயன்படுத்தும் முறையைப் பட்டியலிடப்பட்ட வேறோர் அமைப்பிற்கும், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிவாரணக் கோரிக்கைகளை முன்வைக்கும் முறையை விடுதலைப் புலிகள் இயக்கத்திற்கும் கற்பிக்க விரும்பியோர் வழக்காடினர். மனிதாபிமானச் சட்டத் திட்டம் என்னும் அமைப்பின் பெயரால் வழங்கும் அவ்வழக்கில், பட்டியலிடப்பட்ட அமைப்போடு இணைந்து கொடுக்கும் அத்தகைய பயிற்சியையும் தடுக்கலாம் என்று 2010 ஆம் ஆண்டு யூன் மாதம் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் 6 நீதியரசர் தீர்ப்பளித்தனர். 3 பேர் மாறுபட்டனர். சமாதானச் சட்டம் கற்பித்தலும் தடைக்குரிய சேவையாகலாம் என்றால், நிரலைக் களஞ்சியத்தில் வைத்துக் கொடுத்தல் எவ்வாறு தப்பும்?

இலங்கைமீது இன்று அவ்வகைத் தடை இல்லை. பின்னர் நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. 2021 ஆம் ஆண்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கெல்லாம் நம் பிள்ளைகள் நிரல் எழுதக் கற்கின்றனர். தமிழிலேயே நிரல் எழுதுவதற்கு ஆக்கப்பட்ட எழில் மொழியும், தமிழெழுத்தைக் கணினி கையாள உதவும் பல கருவிகளும் அதே கிட்ஹப் களஞ்சியத்திலேதான் வளர்ந்தன. நாளை எந்த வல்லரசு எந்த நிலத்தின்மீது கோடு கீறும் என்று இன்று எவரால் உறுதி கூற முடியும்?

தவிர, தடை என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. போரிலே இழைக்கப்பட்ட கொடுமைகளுக்குப் பொறுப்பானோர்மீது தடை விதியுங்கள் என்று உலக நாடுகளை வேண்டிவருவோர் தமிழராகிய நாமே. 2023 ஆம் ஆண்டு ஜனவரியிற் கனடா, முன்னாள் சனாதிபதிகளான மகிந்த ராஜபக்ச, கோட்டாபய ராஜபக்ச உட்பட நால்வர்மீது தடை விதித்தது. 2025 ஆம் ஆண்டு மார்ச்சில் பிரித்தானியா, முன்னாள் படைத் தளபதிகள் உட்பட நால்வர்மீது விதித்தது. இவற்றை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆகவேதான் வேறுபாட்டைத் தெளிவாக உரைக்கும் கடமை நமக்கு இருக்கிறது. பெயர் கூறி, காரணம் கூறி, எதிர்த்து முறையிட வழிவிட்டு, தனி ஆளின்மீது விதிக்கும் தடை நீதியின் கருவியாகலாம். ஒரு நிலத்திலே பிறந்தான், வாழ்ந்தான், அங்கிருந்து இணைந்தான் என்பதற்காக விதிக்கும் தடை கூட்டுத் தண்டனையே. அதனை நம்மீது விதித்தபோது எதிர்த்தோம். ஈரானியன்மீதும் கிரிமியன்மீதும் விதிக்கும்போது வாய்மூடியிருந்தால், நம் பழைய முறைப்பாட்டிற்கு என்ன மதிப்பு எஞ்சும்?

மறுப்பொன்று எழும். நிரல் ஆயுதத்திற்கும் பயன்படுமே, அரசு தன்னைக் காக்க வேண்டாமா என்பர். வேண்டும். ஆனால், அரசின் துணையுடையோர் தமக்கென்று களஞ்சியம் அமைத்துக்கொள்ள வல்லவர்கள். பொதுவில் உள்ள நிரல் எப்படியும் அவர்கள் கையிற் கிடைக்கும். தனித்து விடப்படுவோன் மாணவனும் சிறு தொழிலாளியுமே. பற்றறித் தடை இங்கே யாரை இருட்டில் வைத்தது என்பதை நினைத்தாற் போதும்.

அப்படியாயின் நாம் செய்யவேண்டியது யாது? கைகட்டி நிற்பதன்று. 2005 ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் பெரும் மென்பொருளை வளர்த்தவர்கள், பிட்கீப்பர் என்னும் பிறர் உடைமையான கருவியை இலவசமாகப் பயன்படுத்திவந்தனர். உரிமையாளர் அவ்வனுமதியை மீட்டுக்கொண்டார். லினஸ் டோர்வால்ட்ஸ் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. சில வாரங்களுக்குள் கிட் என்னும் புதிய கருவியை ஆக்கினார். கிட்ஹப் நிறுவனமே அக்கருவியின்மேல் எழுந்த கட்டடந்தான். கிட் கருவியின் சிறப்பு யாதெனில், நிரலைப் பிரதிசெய்த ஒவ்வொருவரிடமும் அதன் முழு வரலாறும் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் விதைநெல் இருப்பது போல. ஆனால், நிரலைப்பற்றிய உரையாடல்களும், பிழை முறைப்பாடுகளும், யார் திருத்தலாம் என்னும் அனுமதிகளும் நடுக் களஞ்சியத்திலேயே தங்கிவிடுகின்றன. தனிக் களஞ்சியத்திற்குச் சொந்தக்காரன் தன் கணினியிலே பிரதி வைக்கத் தவறினாலோ, நிரலும் அங்கேயே அகப்பட்டுவிடும்.

ஒரே இடத்தில் வைத்ததன் விலையை நாம் 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது கொடுத்தோம். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாதவை திரும்பவேயில்லை. ஆகவே மாணவச் செல்வங்களே, உங்கள் நிரலுக்குக் குறைந்தது 2 பிரதிகளை, வெவ்வேறு இடங்களில், ஒன்றையேனும் உங்கள் கைவசம் வையுங்கள். உரையாடல்களையும் அவ்வப்போது இறக்கி வையுங்கள்.

பல்கலைக்கழகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து இங்கேயே ஒரு நிரற் களஞ்சியம் அமைக்கட்டும். பேர்லின் நகரிலே கோட்பேர்க் என்னும் களஞ்சியத்தை உறுப்பினர்களின் சங்கமொன்று இலாப நோக்கின்றி நடத்துகிறது. அதனை இயக்கும் போர்ஜெஜோ என்னும் மென்பொருளும் திறந்த மூலமே. எவரும் எடுத்துத் தம் கணினியில் நிறுவலாம். சங்கக் கடை நடத்தத் தெரிந்த வன்னி மக்களுக்குச் சங்கக் களஞ்சியம் நடத்துவது பெருங் காரியமன்று. கிட்ஹப்பை வெறுத்து ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. சந்தைக்குப் போவோம், விதைநெல்லை மட்டும் வீட்டிலும் வைப்போம்.

சட்டத்தரணி நண்பர்களே, புலம்பெயர்ந்த தமிழ் உறவுகள் அந்நாடுகளின் வாக்காளர்களாக இருக்கின்றனர். தண்டனைக்குரியோரின் பட்டியலைக் கொடுக்கும் அதே கையினாலே, கல்விக்கும் பொது மென்பொருளுக்கும் நிரந்தர விலக்கு வேண்டும் என்னும் மனுவையும், தவறாகப் பூட்டப்பட்டோர் முறையிட ஒரு வழி வேண்டும் என்னும் மனுவையும் கொடுக்குமாறு அவர்களை வேண்டுவோம். தடையின் கொடுமையைத் தாங்கிய மக்கள், தடையின் நீதியான எல்லையை வகுத்துச் சொல்லும்போது உலகம் செவிசாய்க்காது போகாது. அப்பணியைக் கிளிநொச்சியிலிருந்தே தொடங்குவோமாக!